ஹாலில் ஒரு கடல்

வீட்டு ஹாலில் ஒரு கடல் வைக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. தங்கமீன் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், பவளம், கடல் சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன் என்று நிஜக் கடலிலிருந்து ஒரு துண்டு. மெதுவாகப் பேச்சை எடுத்துப் பாருங்கள். எதிர்க்கட்சி உடனே எழுந்துவிடும். உப்புத் தண்ணிக்கு எங்கே போறது? யார் கழுவறது? நாறாதா? எவ்வளவு செலவாகும்?

எரிச்சல்படாதீர்கள். இந்தக் கேள்விகளுக்கு வயது நூற்றெழுபதுக்கும் மேல். இவற்றுக்குப் பதில் தேடிப் போனதுதான் கடல்நீர்த் தொட்டியின் மொத்த சரித்திரமும். சம்மதம் வாங்கப் போகுமுன் அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஆசைப்படுகிறவர் கணவர், முறைப்பவர் மனைவி என்றுதானே மனதுக்குள் படம் ஓடுகிறது? மாற்றிக்கொள்ளுங்கள். ஆரம்பித்து வைத்தவர்கள் இரண்டு பெண்மணிகள்!

முதலாமவர் ழான் வில்ப்ரூ பவர். பிரான்ஸ் கிராமத்துப் பெண். பாரிஸுக்கு வந்து தையற்காரியாகி, 1816-ல் ஓர் இளவரசிக்குக் கல்யாண உடை தைத்துப் பெயர் வாங்கியவர். ஒரு வியாபாரியை மணந்துகொண்டு சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் குடியேறினார். அந்தக் கடலில் ஆர்கோநாட் என்றொரு ஜீவன் உண்டு. ஆக்டோபஸ் ஜாதி, மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் வாழும். ஓடு சொந்தமா, வேறு பிராணியிடம் திருடியதா என்று விஞ்ஞானிகளுக்குள் பெரிய வழக்கு. தீர்க்க வேண்டுமென்றால் உயிரோடு வைத்துப் பார்த்தாக வேண்டும். 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டிகள் செய்து, கடல் நீர் நிரப்பி, நாள் கணக்கில் உட்கார்ந்து கவனித்தார் ழான். ஓடு சொந்தத் தயாரிப்புதான், உடைந்தால் அதுவே ஒட்டுப்போட்டுக்கொள்கிறது என்று தீர்ப்பு வந்தது.

ழானுக்குத் தண்ணீர்ப் பிரச்னை இல்லை. வாசலில் கடல். லண்டனில் இருந்தால்?

அங்கே இருந்தவர் அன்னா தின். பாதிரியாரின் மனைவி. 1846-ல் டார்கீ கடற்கரைக்குப் போனவர் பாறையில் ஒட்டியிருந்த பவள உயிரிகளைப் பார்த்து மயங்கி, லண்டன் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். கடல் நீரோ கையிருப்பு கொஞ்சம். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதில் காற்று கலக்க வேண்டும். மோட்டாரா, பம்ப்பா? திறந்த ஜன்னலருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, டீ ஆற்றுகிற மாதிரி, தண்ணீரை ஆற்ற வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்! ஆற்றியது யார்? எஜமானி இல்லை, வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது என்று எஜமானி பின்னால் எழுதியிருக்கிறார். சிறுமியை யாரும் கேட்டு எழுதவில்லை.

'யார் கழுவறது' என்ற கேள்வி எங்கே பிறந்தது என்று புரிகிறதா? ஆசை ஒருவருக்கு, கைவலி இன்னொருவருக்கு.

அடுத்த வருஷம் தொட்டிக்குள் கடற்பாசிகளைச் சேர்த்தார் அன்னா. செடி பிராணவாயு விட்டது, உயிரிகள் பிழைத்தன, ஆற்றுகிற வேலை குறைந்தது. ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1850-ல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். நன்னீர்த் தொட்டியில் தங்கமீனும் செடியும் விட்டார். செடி அழுகி நீர் கலங்கியது. நத்தைகளை இறக்கினார். அவை அழுகல் இலையைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டன. மீன், செடி, துப்புரவுக்கு நத்தை. வரவும் செலவும் சமமானால் நாறாது!

இதற்குள் இன்னொரு நல்ல காரியமும் நடந்திருந்தது. பிரிட்டன் அரசு 1845-ல் கண்ணாடி மீதான வரியை ரத்து செய்தது. கண்ணாடி மலிந்தது. ரயில் வந்து கடற்கரை பக்கமாகிவிட்டது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் கண்காட்சி திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 'தி அக்வேரியம்' என்று புத்தகம் போட்டார். வண்ணப் படங்களோடு வந்த அந்தப் புத்தகம் சக்கைப்போடு போட்டது. அக்வேரியம் என்ற சொல்லைப் பிரபலமாக்கியவரும் அவர்தான். நான்கு உப்புகளைக் கலந்து வீட்டிலேயே கடல் நீர் தயாரிக்கவும் வழி சொன்னார். தண்ணீருக்கு எங்கே போவது என்ற ஆட்சேபணையும் காலி!

அப்புறமென்ன? லண்டன் வரவேற்பறைகளில் எல்லாம் கடல். தொட்டி, தண்ணீர், உயிரினம் மூன்றையும் விற்கக் கடைகள் வந்தன. மோகம் பத்துப் பதினைந்து வருஷம் தாங்கியது. தொட்டி கலங்கியது, உள்ளே இருந்தவை செத்தன, வீட்டில் முணுமுணுப்பு. 1860-களிலேயே ஜுரம் இறங்கிவிட்டது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எந்த வீட்டிலும் கேட்கவில்லை. இத்தனை தொட்டிகளுக்கும் உயிரினங்கள் எங்கிருந்து வந்தன?

காஸின் புத்தகங்களைப் படித்தவர்கள் உளியும் ஜாடியுமாக டெவன் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குட்டைகளை வழித்தெடுத்தார்கள். சிறு வயதில் அப்பாவோடு அந்தக் குட்டைகளில் நின்றவர் எட்மண்ட் காஸ். அந்தக் கரைகள் சூறையாடப்பட்டதையும், தன் எழுத்துதான் அதற்கு வழிகாட்டியது என்ற வேதனை அப்பாவை வாட்டியதையும் 1907-ல் வெளிவந்த 'ஃபாதர் அண்ட் சன்' நூலில் பதிவு செய்தார். கடலை நேசிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், அந்த நேசமே கடலைக் காலி செய்ததைக் கண்ணால் பார்த்தார்.

இன்று பம்ப் இருக்கிறது, பாக்கெட்டில் உப்பு இருக்கிறது. இருந்தாலும் கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு சுமார் 250 லிட்டர் தண்ணீர். எடை கால் டன்னுக்கு மேல். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கிட்டத்தட்ட ஒன்பது கிலோ உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் குளிர்விக்கும் இயந்திரமும் வேண்டும். கரண்ட் போனால் ஆற்றுவதற்கு வேலைக்காரச் சிறுமி இல்லை, நீங்கள்தான்.

அப்புறம், பவள ஆசையை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குச் சமமாக இருக்கின்றன. எடுத்தாலும் விற்றாலும் வீட்டில் வைத்தாலும் சிறை. காரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கடல் மீன்களிலும் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடிக்கப்படுபவைதான். மீனை மயக்கிப் பிடிக்கப் பவளப் பாறையில் சயனைடு தெளிக்கிற கொடுமையைப் பிலிப்பைன்ஸ் கடல் 1960-கள் முதல் பார்த்திருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையை நம் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் விஞ்ஞானிகள் கைக்கொண்டிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி, சட்டம் அனுமதிக்கிற செயற்கைப் பாறை, நீங்களே செய்கிற துப்புரவு. இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள், சம்மதம் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். டெவன் கரையில் அன்றைக்கு நாலு வீட்டில் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், நாலு குட்டையாவது மிஞ்சியிருக்கும்.