குன்னன் மறைந்த பிறகு: பழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வரலாறு

ஒரு நாட்டின் தலைநகர் எதுவென்று தெரிந்திருப்பதும், ஒரு மனிதரைத் தெரிந்திருப்பதும் ஒரே வகை அறிவா? ஜெர்மானியர் முன்னதற்கு 'விஸ்ஸன்' என்றும் பின்னதற்கு 'கென்னன்' என்றும் சொல்வர். பிரெஞ்சு மொழியிலும் இதற்கு இரு வினைகள் உண்டு. இன்றைய ஆங்கிலம் இரண்டையும் 'நோ' என்ற ஒற்றை வினையால் சொல்கிறது. ஆங்கிலத்தின் இயல்பே அதுதான் என்று வகுப்பறைகளில் இதைக் கடந்துபோகிறோம். வரலாறு வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு இருந்தது, பின்னர் அழிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்த சொற்கள் வெறுங்கையோடு வரவில்லை. யார் வீட்டுக்குள், யார் வெளியே என்ற சமூகக் கணக்கையும் உடன் கொண்டுவந்தன.

பழைய ஆங்கிலத்தில் செய்தியை அறிதல் 'விட்டன்'. ஆளை, மொழியை, தொழிலை அறிதல் 'குன்னன்'. கண்டு இன்னாரென உணர்தல் 'க்னாவன்'. 'விட்டன்' என்பதன் வேர் 'காண்' என்னும் பொருளுடையது. வேதம் என்ற சொல்லும் அவ்வேரினதே. குன்னனும் க்னாவனும் ஞானம் என்ற சொல்லுக்கு உறவு. வடமொழி வழியாக இவ்விரு கிளைகளின் சொற்களும் தமிழுக்கு வந்து சேர்ந்துள்ளன என்பது நாம் அதிகம் நினைத்துப் பார்க்காத செய்தி.

அறிதல், செய்யும் வகை அறிதல், செய்ய இயலுதல் எனப் படிப்படியாக நகர்ந்து, குன்னன் இறுதியில் 'கேன்' என்னும் துணைவினையாகத் தேய்ந்தது. விட்டன் வழக்கொழிந்து, 'விட்' என்ற பெயர்ச்சொல்லிலும் சில சட்டத் தொடர்களிலும் எச்சமாக நிற்கிறது. கண்டுணர்தலுக்கு மட்டும் உரியதாக இருந்த க்னாவன் இருவரின் வேலையையும் ஏற்றுக்கொண்டு 'நோ' ஆயிற்று.

குன்னனின் பிள்ளைகள் சிலர் தப்பிப் பிழைத்தனர். அதன் எச்ச வடிவமான 'கூத்' என்பதற்குப் பொருள் 'தெரிந்த, பழகிய' என்பது. அதன் எதிர்மறையான 'அன்கூத்' தொடக்கத்தில் அடிப்படையாக 'தெரியாத' என்பதையே குறித்தது. தெரியாதது விநோதமாயிற்று, விநோதமானது முரடாயிற்று, 16ஆம் நூற்றாண்டில் அச்சொல் பண்பற்றவரைச் சுட்டத் தொடங்கிவிட்டது. நமக்கு அறிமுகமில்லாதவர் நாகரிகமில்லாதவர் என்ற தீர்ப்பு எவரும் எழுதாமலேயே அகராதியில் ஏறிவிட்டது. 'கூத்' பொது ஆங்கிலத்தில் மறைந்துபோக, ஸ்காட்லாந்து வழக்கில் மட்டும் அன்பானவரைக் குறிக்கும் 'கூத்தி'யாக வாழ்கிறது. 1896இல் மாக்ஸ் பீர்பாம் 'பண்புள்ள' என்ற பொருளில் 'கூத்'தை எழுதினார். அது வேடிக்கையாகப் பின்னோக்கி ஆக்கிய சொல், பழைய சொல்லின் தொடர்ச்சியன்று. இன்னொரு பிள்ளை 'கித்'. இன்று 'கித் அண்ட் கின்' என்ற இணைமொழிக்கு வெளியே அதைக் காண்பது அரிது. 14ஆம் நூற்றாண்டில் அவ்விணைக்குப் பொருள் 'தாய்நாடும் சுற்றமும்' என்பது. பழகிய நிலமே அங்கே 'கித்'. ஒலி ஒற்றுமையைக் கண்டு 'கின்' என்பதையும் இவ்வேரில் சேர்த்துவிடக் கூடாது. அதன் உறவு ஜனம் என்ற சொல்லோடு.

1066க்குப் பிறகு நார்மானியர் ஆட்சியில் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. 'அக்வெயின்ட்' அவ்வழி வந்தது. அதன் இலத்தீன் மூலத்தை அலசினால் மீண்டும் அதே ஞானத்தின் வேருக்கே வந்து சேர்வோம். இழந்த பொருளை ஆங்கிலம் தன் தூரத்து உறவினரிடமே கடன் வாங்கியிருக்கிறது.

'ஃபெமிலியர்' வந்த வழிதான் கனமானது. இலத்தீனில் 'ஃபாமுலுஸ்' என்றால் ஏவலர், அடிமை. 'ஃபாமிலியா' என்பது இரத்த உறவை மட்டுமன்று, ஒரு தலைவனின் ஆளுகைக்குட்பட்ட அடிமைகள் உள்ளிட்ட முழு வீட்டையும் குறித்தது. அவ்வீட்டைச் சேர்ந்தது என்பதே இச்சொல்லின் அடிப்பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், 16ஆம் நூற்றாண்டில் சூனியக்காரிக்கு ஏவல் செய்யும் ஆவியையும் குறிக்கலாயிற்று. பூனை, தேரை, நாய் ஆகிய வடிவங்களில் அந்த ஆவி வீட்டில் வளர்வதாக நம்பினர். 1566இல் செம்ஸ்ஃபோர்டில் ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற முதியவள் தூக்கிலிடப்பட்டாள். அவளிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட பூனையின் பெயர் சாத்தான். 1604ஆம் ஆண்டுச் சட்டம் தீய ஆவிகளோடு கலந்தாலோசித்தல், அவற்றை உபசரித்தல், வேலைக்கு அமர்த்துதல், உணவளித்தல், கூலி கொடுத்தல் ஆகியவற்றை மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. இந்த வினைகளைச் சேர்த்துப் படித்தால் ஓர் எசமானர் தன் ஏவலரிடம் நடந்துகொள்ளும் முறை அப்படியே தெரிகிறது. ஃபாமுலுஸ் மீண்டும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான்; இம்முறை எசமானி ஏழைக் கிழவி. 1645இல் மேனிங்ட்ரீயில் ஒற்றைக் காலுடைய எலிசபெத் கிளார்க்கை மாத்யூ ஹாப்கின்ஸின் கூட்டம் இரவுகள் பலவும் உறங்கவிடாமல் வைத்து, அவளுடைய 'பழகிய ஆவிகள்' வருகின்றனவா என்று காத்திருந்தது. அவளும் தூக்கிலிடப்பட்டாள். இக்கொலைகளைச் செய்தது சொல்லன்று, அச்சமும் சட்டமுமே. ஆயினும் விசாரணையின் கேள்விகள் ஒரு பெண் தன் வீட்டில் யாருக்குச் சோறிடுகிறாள் என்பதைச் சுற்றியே அமைந்ததை, இச்சொல்லின் வரலாறு அறிந்தவர் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். அச்சட்டம் 1736 வரை நடைமுறையில் இருந்தது.

மறைந்த வேறுபாடு பின்னர் மெய்யியலில் தலைகாட்டியது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் கிரோட் 1865இல், பிற ஐரோப்பிய மொழிகளின் இரட்டை வினைகளைச் சுட்டிக்காட்டி, பழக்கத்தால் வரும் அறிவையும் ஒன்றைப் பற்றிய அறிவையும் பிரித்தார். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் அதைத் தொடர்ந்தார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1911ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1912ஆம் ஆண்டு நூலிலும் அதைப் புகழ்பெறச் செய்தார். தாய்மொழியில் ஒரு வினை உயிரோடிருந்தால் இவர்கள் இத்தனை பக்கங்கள் செலவிட்டிருப்பார்களா என்பது என் ஐயம். விந்தை என்னவென்றால், ரஸ்ஸலின் கணக்கில் நாம் நேரடியாக அறிவன புலன்தரவுகளும் பொதுமைகளும் போன்றவையே. பிற மனிதரை விவரணையால் மட்டுமே அறிகிறோம். ஆளை அறிதலுக்கென இருந்த இடத்திலிருந்து ஆளே வெளியேற்றப்பட்டுவிட்டார்.

இதைத் தமிழில் எழுத முயல்வோருக்கு ஒரு குறிப்பு. 'விடை தெரியும்', 'அவரைத் தெரியும்', 'நீந்தத் தெரியும்' என்ற மூன்றுக்கும் நமக்கு ஒரே வினை. அதுவும் 'கண்ணுக்குப் புலப்படு' என்ற பொருளிலிருந்து வந்ததே. ஆனால் நம்மிடம் 'பழகு' இருக்கிறது. 'எனக்குத் தெரியும்' என்பதில் அறிபவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, அறியப்படுவது அவருக்குப் புலனாகிறது. 'அவரோடு பழகினேன்' என்பதில் இருவரும் பங்காளிகள். 'ஓடு' உருபு அதைக் கட்டாயமாக்குகிறது. ரஸ்ஸலின் கலைச்சொல்லைச் சிலர் பழக்கம் என்று பெயர்க்க விரும்பலாம். அது பொருந்தாது, புலன்தரவு எவரோடும் பழகுவதில்லை. 'அறிந்த முகம்' என விரியும் 'அறிமுகம்' இன்று முன்னுரை, தொடக்கம் என்ற பொருள்களால் நிறைந்துவிட்டதால் அதுவும் குழப்பும். ரஸ்ஸலுக்கு 'நேரறிவு' போதும். 'பழக்க அறிவு' என்பதைக் கிரோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.