கணிப்பொறியும் உலகக் கிண்ணமும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மாந்த இனத்தின் தொன்மையான வேட்கைகளுள் ஒன்று. போர்மேற் சென்ற தலைவன் வென்று மீள்வானா என்பதை அறிய, ஊர்ப்புறத்தே நின்று அயலார் வாய்ச்சொல்லை நற்சொல்லாகக் கேட்கும் ‘விரிச்சி’ என்னும் வழக்கத்தை முல்லைப்பாட்டு காட்டுகிறது. போர்க்களத்தின் இடத்தை விளையாட்டுக் களம் பிடித்துக்கொண்ட பின்னரும் அவ்வேட்கை தணியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நெருங்கும்போதெல்லாம், வெல்லப்போவது யார் என்னும் வினா எழுகிறது. முன்பு முதுபெரும் ஆட்டக்காரர்களும் செய்தியாளர்களும் விடை கூறிவந்த அவ்விடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. அது அவ்விடத்தை அடைந்த வரலாறும், அது கூறும் விடையின் தன்மையும் கற்போர் அறியத்தக்கவை.

1950ஆம் ஆண்டின் பாடம்

1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், மரக்கானா அரங்கில் 170,000 பேருக்கும் மேல் திரண்டிருந்தனர். பிரேசிலும் உருகுவேயும் மோதிய அவ்வாட்டமே அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தை முடிவு செய்யவிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வீழ்த்தியிருந்த பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானதாக இருந்தது. அன்று காலையிலேயே நாளிதழ் ஒன்று பிரேசில் அணியின் படத்தை வெளியிட்டு, உலக வெற்றியாளர்கள் இவர்களே என்று அறிவித்துவிட்டது. ஆனால் உருகுவே 2-1 என்னும் கோல் கணக்கில் வென்றது.

நாளிதழ் அவ்வாறு எண்ணியதில் தவறில்லை. பிரேசில் வெல்வதற்கே வாய்ப்பு மிகுதி. ஆனால் ‘வாய்ப்பு மிகுதி’ என்பதை ‘உறுதி’ என்று எழுதியதே தவறாகும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை எண்ணால் அளந்துகாட்டுவதே பிற்காலத்தில் கணிப்பொறியின் பணியாயிற்று.

கோல்களுக்கும் ஒரு கணக்கு

அப்பணிக்கு அடித்தளமிட்டவர் காற்பந்தாட்டத்தைக் கண்டறியாத ஒரு கணிதப் பேராசிரியர். சிமியோன் தெனி பாய்சான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1837இல் வெளியிட்ட நூலில், அரிதாகவும் தற்செயலாகவும் நிகழும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை எவ்வாறு பரவியிருக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். பிரஷ்யப் படைப்பிரிவுகளில் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் எண்ணிக்கை அச்சூத்திரத்துக்கு இயைந்து நிற்பதை 1898இல் போர்ட்கீவிச் என்பவர் எடுத்துக்காட்டினார். காற்பந்தாட்டத்தில் கோலும் அத்தகைய அரிய நிகழ்ச்சியே. ஆட்டங்களில் விழும் கோல்களின் எண்ணிக்கை பாய்சானின் பரவலை ஏறத்தாழ ஒத்திருப்பதை மொரோனி என்னும் ஆங்கிலேயர் 1951இல் வெளியான தம் புள்ளியியல் நூலில் காட்டினார்.

கோல் அரிதாக விழுவதனாலேயே காற்பந்தாட்டத்தின் முடிவைக் கணிப்பது கடினமாகிறது. 2018ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்களில் 169 கோல்களே விழுந்தன. ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல்கள்கூட இல்லை. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 1.5 கோலும், அதன் எதிரணி சராசரியாக 1 கோலும் போடக்கூடியன எனக் கொள்வோம். பாய்சானின் சூத்திரப்படி, வலிய அணி வெல்வதற்கு 49 விழுக்காடும், ஆட்டம் சமநிலையில் முடிவதற்கு 26 விழுக்காடும், மெலிய அணி வெல்வதற்கு 25 விழுக்காடும் வாய்ப்புண்டு. அரைப்பங்கு மிகுதியாகக் கோல் போடவல்ல அணிகூட நான்கில் ஓர் ஆட்டத்தில் தோற்கும் என்பது இதன் பொருள்.

பென்சிலும் குறிப்பேடும்

1950ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் ஆட்டமொன்றைக் கண்டுகொண்டிருந்த சார்லஸ் ரீப் என்னும் விமானப்படைக் கணக்காளர், பென்சிலும் குறிப்பேடும் கொண்டு ஆட்ட அசைவுகளைக் குறிக்கத் தொடங்கினார். தம் வாழ்நாளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அவர் அவ்வாறே பதிவு செய்தார். பெர்னார்ட் பெஞ்சமின் என்னும் புள்ளியியலாளருடன் இணைந்து 1968இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, காற்பந்தாட்டத்தில் தற்செயலே மேலோங்கி நிற்கிறது என்னும் முடிவுக்கு வந்தது.

ரீப்பின் உழைப்பு போற்றத்தக்கது; ஆயினும் அவர் உய்த்துணர்ந்தவற்றுள் ஒன்று பிழையானது. நூற்றுக்கு ஏறத்தாழ 80 கோல்கள், மூன்று அல்லது அதற்கும் குறைவான கடத்தல்களுக்குப் பின் விழுந்தவை என அவர் கண்டார். ஆகவே பந்தை நெடுந்தொலைவு உதைத்து விரைந்து முன்னேறுவதே சிறந்த முறை என்று வாதிட்டார். ஆனால், அவர் பதிவு செய்த பந்தோட்டங்களில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவை மூன்று கடத்தல்களுக்குள் முடிந்தவையே. எஞ்சிய 10 விழுக்காட்டுக்கும் குறைவான நீண்ட பந்தோட்டங்களிலிருந்து 20 விழுக்காட்டுக் கோல்கள் பிறந்தன என்றால், நீண்ட பந்தோட்டமே மிகுந்த பயன் தந்தது என்பதன்றோ உண்மை? எண்கள் சரியாக இருந்தும் முடிவு தலைகீழாயிற்று. இப்பிழை ஏட்டோடு நின்றுவிடவில்லை. நெடிதுதைக்கும் ஆட்டமுறை இங்கிலாந்தில் பல்லாண்டுகள் வேரூன்ற அது துணைநின்றது.

ரீப்பின் கருத்துக்கு மறுப்பாக, 1974இல் ஹில் என்னும் புள்ளியியலாளர் மற்றோர் உண்மையை நிறுவினார். பருவத் தொடக்கத்தில் வல்லுநர்கள் கூறிய வரிசையும் பருவ முடிவில் அமைந்த வரிசையும் பெரிதும் ஒத்திருந்தன. ஓர் ஆட்டத்தில் தற்செயல் ஆளலாம். பல ஆட்டங்களின் தொகுப்பில் திறமையே வெளிப்படும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1982இல் மாஹர் என்பவர் ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் வலிமை, தடுக்கும் வலிமை என இரண்டு எண்களை வகுத்து, பாய்சானின் சூத்திரத்தோடு பொருத்தினார். 1997இல் மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் ஆகிய இருவரும், அண்மைய ஆட்டங்களுக்கு மிகுந்த மதிப்பும் பழைய ஆட்டங்களுக்குக் குறைந்த மதிப்பும் அளித்து அம்முறையைத் திருத்தினர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அணியின் வலிமை, ஆட்டம் நிகழ்ந்த காலம், சொந்த மண்ணா அயல் மண்ணா என்னும் இடம் ஆகிய மூன்றையுமே கணிதவியலாரும் தம் கணிப்பின் தூண்களாகக் கொண்டனர்.

சதுரங்கமும் சீட்டாட்டமும்

உலகக் கிண்ணத்தைக் கணிப்பதற்கு மேலும் இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. ஒன்று சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அர்பாத் ஈலோ, ஆட்டக்காரர்களின் வலிமையை எண்ணால் குறிக்கும் முறையொன்றை வகுத்தார். வலிய எதிரியை வென்றால் மிகுந்த புள்ளிகளும், மெலிய எதிரியை வென்றால் குறைந்த புள்ளிகளும் கிடைக்கும் என்பதே அதன் சாரம். அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் அதனை 1970இல் ஏற்றது. காற்பந்துக்கான ஃபிஃபா சம்மேளனம், பெண்கள் அணிகளின் தரவரிசைக்கு 2003இலும் ஆண்கள் அணிகளின் தரவரிசைக்கு 2018இலும் அதன் அடிப்படையிலான முறையைக் கைக்கொண்டது.

மற்றொரு கருவி சீட்டாட்டத்திலிருந்து வந்தது. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்தனிஸ்லாவ் உலாம் என்னும் கணித அறிஞர், தனியே சீட்டாடிப் பொழுதைக் கழித்தார். ஆட்டம் கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரத்தால் கணக்கிட முயன்று களைத்த அவர், ஆட்டத்தையே நூறு முறை ஆடி, கைகூடியவற்றை எண்ணிவிட்டால் போதுமே என்று கருதினார். அவரும் ஜான் வான் நாய்மனும் அவ்வெண்ணத்தை அணு ஆய்வுக்குப் பயன்படுத்தினர். 1948இல் ‘எனியாக்’ என்னும் தொடக்ககாலக் கணிப்பொறி அக்கணக்குகளைச் செய்தது. சூதாட்டத்துக்குப் பெயர்போன நகரின் பெயரால் அது ‘மான்டி கார்லோ’ முறை எனப்பட்டது.

உலகக் கிண்ணத்தைக் கணிக்கும் கணிப்பொறி இதனையே செய்கிறது. அணிகளின் வலிமையிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கோல்களைத் தற்செயலாக வரவழைத்து, குழு ஆட்டங்கள் முதல் இறுதியாட்டம் வரை முழுப் போட்டியையும் தன்னுள்ளே நடத்தி முடிக்கிறது. பிறகு மீண்டும் நடத்துகிறது. இவ்வாறே பல்லாயிரம் முறை. பதினாயிரம் போட்டிகளில் 1,800 முறை ஓர் அணி வென்றால், அதன் வாய்ப்பு 18 விழுக்காடு என்று அறிவிக்கிறது. கணிப்பொறி எதிர்காலத்தைக் காண்பதில்லை. நிகழக்கூடிய எதிர்காலங்களை எண்ணிச் சொல்கிறது.

மூன்று போட்டிகள் கூறும் செய்தி

2014ஆம் ஆண்டின் போட்டி பிரேசிலில் நடைபெற்றது. கோல்ட்மேன் சாக்ஸ் நிதி நிறுவனம் பிரேசிலின் வாய்ப்பை 48.5 விழுக்காடு என்றும், புள்ளியியலாளர் நேட் சில்வரின் குழு 45 விழுக்காடு என்றும் கணித்தன. 1975க்குப் பின் சொந்த மண்ணில் எந்தப் போட்டித்தொடரிலும் ஓர் ஆட்டமும் தோற்றிராத அணிக்கு அது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் ஜூலை 8ஆம் நாள் பெலோ ஹொரிசோன்டே நகரில் நடந்த அரையிறுதியில் ஜெர்மனி 7-1 என்று பிரேசிலை நிலைகுலையச் செய்தது. காயமுற்ற நெய்மாரும், தடை விதிக்கப்பட்ட அணித்தலைவர் தியாகோ சில்வாவும் அன்று களத்தில் இல்லை. போட்டிக்கு முன் செய்த கணக்கு அவ்விழப்புகளை அறிந்திருக்க இயலாது.

2018இல் யூபிஎஸ் வங்கி, பதினாயிரம் முறை போட்டியை நடத்திப் பார்த்து, ஜெர்மனிக்கு 24 விழுக்காடு வாய்ப்பளித்தது. ஜெர்மனியோ தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்று, தன் குழுவில் கடைசி இடத்தைப் பெற்று வெளியேறியது. பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் நூறாயிரம் முறை நடத்திப் பார்த்து, ஸ்பெயினுக்கு 17.8 விழுக்காடு அளித்தனர். ஸ்பெயின் ரஷ்யாவிடம் பெனால்டி உதைகளில் வீழ்ந்தது. கிண்ணத்தை வென்றது பிரான்சு. 2022இல், 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அர்ஜென்டினா தன் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. ஆயினும் அதே அணி டிசம்பர் 18ஆம் நாள் கிண்ணத்தை ஏந்தியது.

கணிப்பொறி தோற்றுவிட்டது என்று இவற்றைக் கண்டு நகைத்தோர் பலர். ஆனால் 24 விழுக்காடு வாய்ப்பு என்பது, அவ்வணி வெல்லாமல் போக 76 விழுக்காடு வாய்ப்புண்டு என்று கூறுவதாகும். இதற்கான காரணமும் எளியதே. அப்போட்டிகளின் வெளியேற்றுச் சுற்றில் இருந்த நான்கு ஆட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு 75 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருப்பதாகக் கொண்டாலும், நான்கையும் வெல்லும் வாய்ப்பு 32 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். உலகின் தலைசிறந்த அணியும் தோற்கவே வாய்ப்பு மிகுதி. அதை அறிந்து குறைந்த எண்ணைக் கூறும் கணிப்பே நேர்மையான கணிப்பு. 2014இன் கணிப்புகளில் ஐயத்துக்குரியது பிரேசிலைத் தேர்ந்தது அன்று. பாதிக்கு அருகிலான அத்துணைப் பெரிய எண்ணே ஆகும்.

கணிப்பை அளக்கும் கோல்

அங்ஙனமாயின் நல்ல கணிப்பையும் போலிக் கணிப்பையும் பிரித்தறிவது எவ்வாறு? 2010ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரிலிருந்த பவுல் என்னும் ஆக்டோபஸ், உணவுப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து எட்டு ஆட்டங்களின் வெற்றியாளர்களையும் சரியாகக் ‘கூறியது’. ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்று எனக் கொண்டால், எட்டும் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 256இல் ஒன்று. உலகெங்கும் பல நூறு பேரும் பல நூறு விலங்குகளும் கணிப்புக் கூறும்போது, அவற்றுள் ஒன்று பொருந்துவது வியப்பன்று. தவறியவற்றை எவரும் நினைவில் வைப்பதில்லை, பொருந்தியதே புகழ்பெறுகிறது. காற்பந்துக் கணிப்பொறி விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2010 முதல் 2022 வரை நான்கு வெற்றியாளர்களையும் முன்கூட்டியே சரியாகச் சொன்னது. அதனைக்கூட இவ்வெச்சரிக்கையோடுதான் மதிப்பிட வேண்டும்.

உரிய அளவுகோலை வழங்கியவர் அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர். அவர் அதை வெளியிட்டது, மரக்கானாவில் பிரேசில் தோற்ற அதே 1950இல். 80 விழுக்காடு என்று கூறியது நிகழ்ந்துவிட்டால், இடைவெளியான 0.2இன் இருமடி 0.04 தண்டமாகும், நிகழாவிட்டால் 0.8இன் இருமடி 0.64 தண்டமாகும். பல கணிப்புகளின் தண்டங்களைக் கூட்டிச் சராசரி கண்டால், அது குறையக் குறையக் கணிப்பாளர் சிறந்தவராவார். துணிந்து கூறித் தவறியவர் பெருந்தண்டம் இறுக்கிறார்; தம் ஐயத்தையும் அளந்து கூறியவர் தப்புகிறார். ஓர் ஆட்டத்தைக் கொண்டோ ஒரு கிண்ணத்தைக் கொண்டோ அன்றி, நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கொண்டே இச்சோதனை நிகழ வேண்டும்.

காற்பந்தாட்டத்தில் கணிப்புத் தவறினால் சுவைஞர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். அதை நம்பிப் பந்தயம் கட்டியோர்க்கோ கைப்பொருளும் போகும். மழை, நோய், பொருளியல் என வாழ்வின் துறைகள் பலவற்றிலும் இன்று கணிப்பொறிகள் விழுக்காடுகளை அறிவிக்கின்றன. ‘கணிப்பொறி கூறிவிட்டது’ என்று கேட்ட அளவில் அதை விரிச்சியைப் போல் ஏற்பதும், ஒருமுறை தவறிய அளவில் பொய்யென்று தள்ளுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்களே. எந்தத் தரவிலிருந்து இவ்வெண் பிறந்தது, எவ்வளவு ஐயத்தை இது ஒப்புக்கொள்கிறது, இதற்கு முன் கூறியவை எத்தனை முறை பலித்தன என்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவர், கணிப்பொறிக்கு அடிமையாகவும் மாட்டார். அதனைப் பகையாகவும் கருதமாட்டார். வகுப்பறையில் இம்மூன்று வினாக்களையும் பயிற்றுவதற்கு, மாணவர் விரும்பிக் காணும் உலகக் கிண்ணத்தைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது.