குதிகாலுக்குச் சொன்னது முட்டிக்கு ஆகுமா? அந்தமான் சைக்கிள் வீரர்களை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முட்டியின் முன்புறம் வலிக்கிறது என்று வரும் சைக்கிள் வீரருக்கு, சரிவுப் பலகையில் ஒற்றைக்காலில் மெல்லக் குந்தி இறங்கும் பயிற்சியை எழுதித் தருவது இயன்முறை மருத்துவத்தில் பரவிவிட்ட வழக்கம். தசை நீண்டுகொண்டே பளு தாங்கும் 'எக்சென்ட்ரிக்' இறக்கமே தசைநாணை ஆற்றுகிறது என்பது இதற்கு அடிப்படை. இந்நம்பிக்கைக்கு வலுச்சேர்த்த மூலம், ஸ்வீடனின் ஊமியோவில் அல்ஃப்ரெட்சன் குழுவினர் செய்து 1998இல் வெளியிட்ட குதிகால் தசைநாண் ஆய்வு. அது இவ்வளவு பளுவைத் தாங்குமா என்பதே என் ஐயம்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இது ஏட்டுக் கேள்வி அன்று. டிராக் சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டும், 2018 உலக இளையோர் டிராக் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் இங்கிருந்து போனவர்கள். அவர்களைப் பார்த்து மிதிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் முட்டிகள் பற்றியது இது.

மூலத்துக்கு வருவோம். குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியைச் செய்தவர்கள் 15 பேர், பொழுதுபோக்காக ஓடுபவர்கள், சராசரி வயது 44. முட்டியை நீட்டியும் மடக்கியும் தலா 15 முறை, மூன்று சுற்று, நாளுக்கு இருவேளை என நாள்தோறும் 180 இறக்கங்கள், 12 வாரம். வலித்தாலும் நிறுத்தவில்லை, வலி குறைந்தால் முதுகுப்பையில் பளு ஏற்றினார்கள். பதினைந்து பேரும் பழைய ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் ஒப்பீட்டுக் குழுவினர் வழக்கமான சிகிச்சை பலிக்காமல் அறுவைக்குப் போனவர்கள். குலுக்கல் முறைப் பகுப்பும் இல்லை. பளுவோடு ஏறுவதும் இறங்குவதும் இதில் ஒப்பிடப்படவே இல்லை. ஆகவே பயிற்சி பலித்தது என்பதற்கு இவ்வாய்வு சான்று; இறக்கம்தான் பலித்தது என்பதற்கு அன்று.

2001இல் அதே குழு அந்த ஒப்பீட்டைச் செய்ததே என்பார்கள். அதில் பங்கேற்ற 44 பேரில், இறக்கப் பயிற்சி செய்தவர்களில் 82 விழுக்காட்டினர் பலனில் மனநிறைவு கொண்டனர்; தசை சுருங்கிப் பளு தூக்கும் ஏற்றப் பயிற்சி செய்தவர்களில் 36 விழுக்காட்டினரே. ஆனால் ஏற்றக் குழுவின் பயிற்சி ரப்பர் பட்டையை இழுப்பதில் தொடங்கியது. பின்னால் கயிறு தாண்டலும் பக்கவாட்டுக் குதிப்பும் வந்தன. குதித்தவர் தரையிறங்கும்போது தசை நீண்டுதானே பளு தாங்கும்? இரு தட்டிலும் பளு சமமில்லை; 'ஏற்றம்' என்ற தட்டில் ஏற்றம் மட்டும் இருக்கவும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த கனமான, மெதுவான பயிற்சியை 2015இல் டென்மார்க்கில் இறக்கப் பயிற்சியோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒத்த பலனே தந்தன. ஆற்றுவது படிப்படியாக ஏறும் கனம். திசை இரண்டாம்பட்சம் என்றே கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய பிசகு, குதிகால் முடிவை முட்டிக்குப் பெயர்த்ததில் இருக்கிறது. முட்டித் தசைநாண் நோய் வாலிபால், கூடைப்பந்து போன்ற குதிக்கும் ஆட்டங்களின் நோய். பெடலை மிதிக்கையில் தொடைத்தசை பெரும்பாலும் சுருங்கியே உழைக்கிறது. தரையிறங்கும் அதிர்ச்சி இல்லை. ஆகவே சைக்கிள் வீரரின் முன்முட்டி வலியில் முதலில் ஐயுற வேண்டியது முட்டிச் சில்லு மூட்டை. அந்த மூட்டு நோகும்போது, 25 பாகைச் சரிவில் ஆழக் குந்தச் சொல்வது சில்லின் மீது அழுத்தத்தைக் கூட்டுவதாகும். டிராக் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை, காலால் எதிர்த்துத்தானே வேகம் தணிக்கிறார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. தணிக்கும் அந்தச் சில நொடிகளை, நின்ற நிலையிலிருந்து கனத்த கியரில் உந்திக் கிளம்புவதோடு நிறுக்கவே வேண்டியதில்லை.

முட்டிச் சில்லு வலிக்கு 2018இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் அறிக்கை, இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி தரச் சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் போன்ற மின்கருவிச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. கார் நிக்கோபாரிலிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல். வாரம் மூன்று முறை அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொள்ள யாரும் கப்பலேறி வரப்போவதில்லை. அந்தவகையில் தீவுக்கு இழப்பில்லை. தூரத்தைக் காரணம் காட்டி எல்லா முட்டிக்கும் ஒரே பயிற்சித் தாளை அனுப்பிவிடலாம் என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. மறுபரிசோதனை அரிதாக வாய்க்கும் இடத்தில் முதல் பரிசோதனையே முழுதாக இருக்க வேண்டும். வீரர் தம் சைக்கிளோடு வரட்டும். பெடல் அடியில் இருக்கையில் முட்டி 25 முதல் 35 பாகைக்குள் மடங்குகிறதா என்று அளந்து, சீட் உயரத்தைத் திருத்தி, தண்டில் குறியிட்டுத் தர வேண்டும். அண்மையில் கியரோ பயிற்சித் தூரமோ திடீரெனக் கூடியதா என்பதையும் கேட்டறிந்த பிறகே பயிற்சித் தாளை எழுதலாம்.