கத்திக்குப் பின்னால் நின்ற கிரேன்கள்

2000-களின் தமிழ்ப் படங்களை இன்று மறுபடி போட்டுப் பார்ப்பவர்கள் பாட்டையும் காமெடியையும்தான் எடை போடுகிறார்கள். எது இன்னும் சிரிக்க வைக்கிறது, எது நெளிய வைக்கிறது என்று. வடசென்னையைக் களமாகக் கொண்ட படங்களுக்கு அந்தத் தராசு போதாது. 'ஜெமினி' (2002), 'பொல்லாதவன்' (2007) ஆகியவற்றில் தொடங்கி, 'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018) வரை வந்த படங்கள்தான் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்ற பெயர்களைக் கேட்டதும் மற்ற ஊர்க்காரர்கள் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்று முடிவு செய்தவை. அவற்றில் எது பழசாகிவிட்டது, எது ஆகவில்லை என்று பார்த்தால் ஒரு கணக்கு பிடிபடுகிறது. ஓர் ஆள் ஏன் கத்தி எடுத்தான் என்பதற்கு அந்தப் பகுதியின் பிழைப்பிலிருந்து காரணம் சொன்ன படங்கள் நிற்கின்றன. கத்தியை மட்டும் காட்டியவை, அன்றைக்கு எத்தனை நாள் ஓடியிருந்தாலும், மங்கிவிட்டன.

இதற்கு அந்தப் பகுதியின் தொழில் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். பெரம்பூரில் 1876-லும் 1881-லும் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள்தான், சுருக்கமாக பின்னி மில், வடசென்னையைத் தொழிலாளர் நகரமாக்கின. 1918 ஏப்ரல் 27-இல் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இங்கேதான், திரு.வி.க.வின் பொதுவாழ்வில் பெரும்பகுதி இந்த ஆலை வாசலோடு கலந்தது. 1921 வேலைநிறுத்தமும், அதில் புளியந்தோப்பில் சாதியாகப் பிளந்த தொழிலாளர் ஒற்றுமையும் தனிக்கதை. வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டும் விம்கோ தீப்பெட்டியும், எண்ணூரில் அசோக் லேலண்டும், 1970 முதல் அனல்மின் நிலையமும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தன. துறைமுகமோ ஆயிரக்கணக்கான முதுகுகளால் நடந்தது. கப்பலின் அடியறையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு கரையேறிய காலம் அது. 1983-இல் கன்டெய்னர் முனையம் திறந்தபோது அந்த முதுகுகளின் தேவை குறையத் தொடங்கியது. ஒரு கூட்டம் நாள் முழுக்க இறக்கிய சரக்கை ஒரு பெட்டிக்குள் அடைத்து கிரேன் ஒரே வீச்சில் தூக்கி வைத்தது. 1996-இல் பின்னி மில் நிரந்தரமாக மூடப்பட்டது. அப்பன் பார்த்த வேலை மகனுக்குக் கிடைக்காத முதல் தலைமுறை அப்போது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தமிழ் சினிமா வடசென்னை ரவுடியைக் கண்டெடுத்தது சரியாக இந்தத் தலைமுறையில்தான். அதற்கு முன் அது தொழிலாளியை அறியாததல்ல. 'தொழிலாளி' (1964), 'ரிக்‌ஷாக்காரன்' (1971), 'மீனவ நண்பன்' (1977) என்று எம்.ஜி.ஆர். தொழிலின் பெயரையே படத்துக்கு வைத்தார். அவை யதார்த்தம் அல்ல, கனவு. ஆனாலும் கதாநாயகனுக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்கு மரியாதையும் இருந்தது. 2000-களின் நாயகனுக்கு வேலை இல்லை, ஏரியா இருந்தது. மூடிய பின்னி மில்லுக்கு நேர்ந்தது இதைவிடப் பொருத்தமானது: அதன் காலி வளாகம் படப்பிடிப்புத் தளமாக மாறியது. நெசவுத் தறிகள் இரைந்த கூடங்களில் சண்டைக் காட்சிகள் எடுக்கப்பட்டன. உடைந்த ஜன்னலும் துருப்பிடித்த தூணும் வில்லனின் கூடாரமாகத் திரையில் வந்தன. அந்த இடம் ஏன் பாழாய்க் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றாமலே அதற்குள் அடியாட்களைப் பறக்கவிட்டார்கள். ஒரு ஊரின் வேலையிழப்பை அந்த ஊரின் குற்றத்துக்கு அரங்கமாக்கியது யாருடைய சதியும் அல்ல. வாடகைக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

'ஜெமினி'யை இன்று பார்த்தால் இந்தக் காலியிடம் உறுத்துகிறது. ஏ.வி.எம். தயாரித்து சரண் இயக்கிய அந்தப் படம் பெரிய வெற்றி. 'ஓ போடு' அன்று ஒலிக்காத தெரு இல்லை. இரண்டு ரவுடிகள், இருவரையும் பிடித்துத் திருத்தப் பார்க்கும் ஒரு போலீஸ் அதிகாரி. சிக்கல் தனிமனிதனின் குணத்தில் இருக்கிறது. தீர்வு அதிகாரியின் நல்ல மனசில். இந்த விளக்கத்தோடு அது தப்பித்துக்கொள்கிறது. விக்ரமின் துள்ளலும் கலாபவன் மணியின் மிமிக்ரியும் இன்னும் கெடவில்லை, ஆனால் வடசென்னை அங்கே ஒரு பேச்சுமொழி மட்டுமே. 'பொல்லாதவன்' அப்படியல்ல. வெற்றிமாறனின் அந்த முதல் படத்தில் பல்சர் வண்டி வந்த பிறகுதான் அந்த இளைஞனுக்கு வீட்டிலும் வெளியிலும் ஆள் என்ற மதிப்பு கிடைக்கிறது. அது களவு போனதும் எல்லாம் சரிகிறது. வண்டி எப்படித் தூக்கப்படுகிறது, எந்தக் கைக்குப் போகிறது, எப்படிக் கழற்றப்படுகிறது, பெட்ரோல் டேங்க் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு தொழிலை விளக்குவதுபோல் படம் விளக்குகிறது. திருட்டுக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு என்று அது காட்டியதால்தான், பல்சர் தெருவுக்கு நூறு நிற்கும் இந்த நாளிலும் அந்தப் பதற்றம் நமக்குப் புரிகிறது. (இந்தப் பட்டியலில் 'புதுப்பேட்டை'யையும் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த ஊர் கூவக்கரையில், எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழைகள் வாழும் சென்னை எல்லாம் வடசென்னை என்ற பழக்கமும் சினிமா தந்ததுதான்.)

ரவுடிகள் இல்லையா, வெட்டுக்குத்து நடக்கவில்லையா, சினிமா இல்லாததையா சொன்னது என்று கேட்பார்கள். நடந்தது. தொண்ணூறுகளில் வடசென்னைக் கும்பல்களின் பகை நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கே வந்தது. ஆனால் ஆலைக்கு ஷிப்டு போனவனும், விடியலில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவளும், ஹார்பரில் லாரி ஓட்டியவனும் அதே தெருவில் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமாக இருந்தார்கள். உண்மையின் ஒரு துண்டை எடுத்து முழுசு என்று இருபது வருடம் விற்றால், அந்தத் துண்டு பொய்யாக இல்லாவிட்டாலும் விற்பனை பொய்தான். பொழுதுபோக்குக்கு எடுத்த படத்திடம் சமூகவியல் கேட்கலாமா என்பது இன்னொரு கேள்வி. கேட்க வேண்டியதில்லை. ஆனால் காலம் கேட்கிறது. கதை நீர்த்துப் போனபின் படத்தில் மிஞ்சுவது அது பார்த்த விதம் மட்டுமே.

அடுத்த பத்தாண்டின் இரண்டு படங்கள் மேலே நிற்பதற்கும் அதுவே காரணம். பா.ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவரை மையமாக்கியது. ஒரு தலைவரின் முகம் வரைந்த அந்தச் சுவருக்காக உயிர்கள் போகின்றன. சுவர் யாருக்கு என்பது உண்மையில் அந்த மக்களின் ஓட்டு யாருக்கு என்பதுதான் என்று படம் சொல்லாமல் சொல்கிறது. நாயகன் காளி ஐ.டி. ஊழியன் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அப்பனின் ஆலை போய், மகன் ஊரின் மறுகோடிக்கு வேலைக்குப் போகும் வடசென்னையைத் தமிழ் சினிமா அங்கேதான் ஒழுங்காகப் பதிவு செய்தது. 'வட சென்னை'யோ துறைமுகச் சரக்கையும், சாலைத் திட்டத்துக்காக மீனவர் குடியிருப்பை அகற்றும் முயற்சியையும் கொலைகளுக்கு வேராக வைத்தது. கடற்கரை நிலம் யாருக்கு என்ற அதன் கேள்வி இன்றைக்கு இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

ஆனால் இவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். 'வட சென்னை'யில் படகில் நடக்கும் ஒரு நெருக்கமான காட்சிக்கு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, அது நீக்கப்பட வேண்டியிருந்தது. படகைத் தொழிலின் புனிதமாகப் பார்ப்பவர்களுக்கும் அதை அழகான பின்னணியாகப் பார்ப்பவர்களுக்கும் இருந்த தூரம் அதில் தெரிந்தது. எண்ணூரின் கதை இன்னும் திரையில் சரியாக வரவில்லை. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் ராயபுரத்தின் நிலக்கரித் தூசு எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அதே ஆண்டு பழைய அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். இதில் கத்தி இல்லை, அதனால் கதை இல்லை என்று இன்னும் நினைக்கிறார்கள்போல.

இந்தப் படங்களை முதலில் எடை போட்டவர்கள் மகாராணி, அகஸ்தியா போன்ற தியேட்டர்களின் ரசிகர்கள். 1967-இல் தொடங்கிய தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. எழுபதுகளின் வடசென்னையை, அதன் குத்துச்சண்டையை, 1976-இல் ஆட்சி கலைக்கப்பட்ட நாளை, உழைக்கும் உடம்புகளை இத்தனை விரிவாகக் காட்டிய படம் வேறில்லை. கொரோனா காலம் என்பதால் அது நேராக ஓடிடிக்குப் போனது; யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களில் பலர் அதைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்கள்.