தவணைக்குச் சென்ற தாய்

1946-இல் ஜப்பானின் குரே நகரில் ஆஸ்திரேலியப் படை முகாமிட்டது. அந்தக் காமன்வெல்த் படையில் நம் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜப்பானியப் பெண்களுடன் பழகலாகாது என்பது கட்டளை. எனினும் மணங்கள் நிகழ்ந்தன; மனைவியரை அழைத்துச் செல்லத்தான் ஆஸ்திரேலிய அரசு இசையவில்லை.

1952 மார்ச்சில் அமைச்சர் ஹாரல்ட் ஹோல்ட் அத்தடையை நீக்கினார். அவ்வாண்டே செர்ரி பார்க்கர் என்னும் நொபுகோ சகுரமோட்டோ, இரு பெண்மக்களுடன் மெல்போர்ன் சேர்ந்தார். டார்வினில் விழுந்த குண்டுகளையும், பர்மா ரயில்பாதையில் மாண்ட கைதிகளையும் மறவாத மக்களிடையே அவர் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. தொடர்ந்து சில ஆண்டுகளில் ஏறக்குறைய 650 பெண்கள் சென்றனர். முதலில் கிடைத்தது ஐந்தாண்டுத் தற்காலிக அனுமதியே. பிள்ளைகள் அந்நாட்டினர், தாயோ தவணைக்கு வந்தவள்! அவர்களிற் பலர் தம் மக்களுக்கு ஜப்பானிய மொழியைக் கற்பிக்கவேயில்லை. வேற்றுமொழி ஊர்களில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அது விளங்காததன்று.