தேரிழந்த சாரதிகள்

மோட்டார்ப் பந்தயங்களுள் ராலி என வழங்குவது தனித்தன்மை வாய்ந்தது. அதற்கெனக் கட்டப்பட்ட வட்டமான ஓடுபாதை கிடையாது. மலைச் சரிவுகளிலும் காட்டு வழிகளிலும் பனி மூடிய கிராமத் தெருக்களிலும், மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வீதிகளைச் சில மணி நேரம் மறித்து, ஒரு கார் சென்ற சில நிமிடங்களின் பின் மற்றொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தைக் கணிப்பதே அதன் முறை. சாரதியின் பக்கத்தில் துணைச் சாரதி அமர்ந்து, முன்னரே எழுதி வைத்த வழிக்குறிப்பை வாசித்துக்கொண்டே இருப்பார். அடுத்த வளைவு எத்தகையது என்பதைக் கண் காணுமுன் காது அறிந்துவிடும். இத்தகைய பந்தயத்தில் வெல்பவரின் திறமையை உலகம் போற்றுவது இயல்பே. ஆயினும், அத்திறமை வெளிப்படுவதற்கு ஒரு கார் வேண்டும். அந்தக் காரோ சாரதிக்குச் சொந்தமானதன்று. அதனை ஆக்குவதும், திருத்துவதும், நாடு நாடாகக் கொண்டு செல்வதும் பெரும் மோட்டார் நிறுவனங்களின் வேலை. அந்நிறுவனம் ஒருநாள் "இனிப் போதும்" என்று கூறிவிட்டால் சாரதியின் கதி யாது? ராலியின் வரலாற்றில் இவ்வினா பலமுறை எழுந்திருக்கிறது.

உலக ராலிப் போட்டி 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்பொழுது பட்டம் வழங்கப்பட்டது காரை ஆக்கிய நிறுவனத்துக்கே. சாரதிகளுக்கென உலகப் பட்டம் 1979ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது. சுவீடன் தேசத்தவரான பியோர்ன் வால்டெகார்ட் அதனை முதன்முதலில் பெற்றார். இந்த ஆறாண்டு இடைவெளி கவனிக்கத்தக்கது. போட்டியை அமைத்தவர்கள் முதலில் இயந்திரத்தை எண்ணினார்கள். மனிதனை எண்ணியது பிறகுதான். நிறுவனங்கள் பந்தயத்துக்கு வருவது விளையாட்டின்மேற் கொண்ட பற்றினால் மட்டுமன்று. பந்தயத்தில் வென்ற கார், கடையில் நன்றாக விலைபோகும் என்பது அவற்றின் கணக்கு. கணக்குப் பொருந்தும் வரை அவை இருக்கும், பொருந்தாதபொழுது போய்விடும்.

2005ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சின் பேஜோ, சிட்ரோன் என்னும் இரு நிறுவனங்களும் ஒருங்கே விலகின. இரண்டும் ஒரே குடையின்கீழ் இயங்கியவை. பேஜோவின் சாரதியான பின்லாந்துக்காரர் மார்க்கஸ் குரோன்ஹோம், போர்ட் குழுவிற் சேர்ந்தார். சிட்ரோன் காரில் வென்று வந்த செபஸ்தியான் லோப், அதே காரைத் தனியார் குழுவொன்றின் பெயரில் 2006இல் ஓட்டினார். ஆண்டின் பிற்பகுதியிற் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டதனாற் கடைசி நான்கு பந்தயங்களிற் கலந்துகொள்ள அவரால் இயலவில்லை. அவ்வாறிருந்தும் குரோன்ஹோமைவிட ஒரேயொரு புள்ளி கூடுதலாகப் பெற்று அவரே உலகப் பட்டத்தை வென்றார். நிறுவனம் விலகியபின்னும் தன் தேரை இழவாத சாரதி அவர். மறு ஆண்டு சிட்ரோன் திரும்பி வந்தபொழுது அவரும் அதனோடு சேர்ந்துகொண்டார்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2008ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் தளர்ந்தபொழுது, டிசம்பர் மாதத்தில், ஒரு நாள் இடைவெளியிற் சுசுக்கியும் சுபாருவும் விலகின. 2003இல் சுபாரு காரில் உலகப் பட்டம் பெற்ற நோர்வே நாட்டுப் பெட்டர் சோல்பேர்க், அடுத்த பருவம் தொடங்க ஏறத்தாழ ஒன்றரை மாதமே இருந்த வேளையில் வெறுங்கையராய் நின்றார். அவர் ஓய்ந்துவிடவில்லை. தம் பெயரிலேயே குழுவொன்றை அமைத்து, சிட்ரோன் 2006ஆம் ஆண்டோடு கைவிட்ட பழைய மாதிரிக் காரொன்றை எடுத்துக்கொண்டு 2009இற் களம் புகுந்தார். அந்தப் பழைய காரிலேயே சைப்பிரசில் மூன்றாமிடம் பெற்றார். 2010இல், புதிய மாதிரியொன்று கிடைத்தபின், உலக வரிசையிலும் மூன்றாமவராக வந்தார். 2012இற் போர்ட் குழு அவருக்கு மீண்டும் தொழிற்சாலைக் காரொன்றைக் கொடுத்தது. அதே ஆண்டின் ஒக்டோபரிற் போர்ட் நிறுவனமும் விலகப்போவதாக அறிவித்தது. ஒரே மனிதரை ஒரே விதி இருமுறை தாக்கியது. அவர் ராலியை விட்டு, மூடிய களத்தில் நடைபெறும் ராலிகுரொஸ் பந்தயத்துக்குச் சென்று, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அதன் உலகப் பட்டத்தை வென்றார்.

போர்ட் குழுவில் அப்பொழுது சோல்பேர்க்கின் தோழராக இருந்தவர் பின்லாந்தின் யாரி-மட்டி லட்வாலா. அவருக்கு வேறொரு கதவு திறந்தது. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 2013இற் போலோ என்னும் காருடன் முழு அளவிற் போட்டியிட முன்வந்து அவரை அழைத்துக்கொண்டது. பிரான்சின் செபஸ்தியான் ஓஜியே அங்கு முன்னரே இருந்தார். நோர்வேயின் அன்டிரியாஸ் மிக்கல்சன் மூன்றாமவர். நான்கு ஆண்டுகளில் நடைபெற்ற 52 பந்தயங்களுள் 43இல் அக்கார் வென்றது. நான்கு ஆண்டும் சாரதிப் பட்டம் ஓஜியேக்கு. நான்கு ஆண்டும் நிறுவனப் பட்டம் வொக்ஸ்வாகனுக்கு.

பந்தய வீதியில் இவ்வாறு வெற்றி குவிந்துகொண்டிருக்க, நிறுவனத்தின் தலைக்குமேல் வேறொரு மேகம் திரண்டது. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்கச் சுற்றாடல் அதிகாரிகள், வொக்ஸ்வாகன் விற்ற டீசற் கார்களில் ஒரு சூழ்ச்சி இருப்பதைப் பகிரங்கப்படுத்தினர். பரிசோதனை நடைபெறும் வேளையை இனங்கண்டு, அப்பொழுது மாத்திரம் நச்சுப் புகையைக் குறைத்து வெளிவிடும் கட்டளை நிரல் அக்கார்களிற் பொருத்தப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள் அவ்வகையின என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பந்தயக் காருக்கும் இந்தக் குற்றத்துக்கும் தொடர்பேதுமில்லை. ஆயினும் தண்டத்தைக் கட்டும் பணப்பையும் பந்தயத்துக்குக் கொடுக்கும் பணப்பையும் ஒன்றே.

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை நாள்நாளாக நோக்கினால் அம்முடிவு எவ்வளவு விரைவாக வந்தது என்பது விளங்கும். 16ஆந் திகதி ஸ்பெயினில் ஓஜியே நான்காவது உலகப் பட்டத்தை உறுதிசெய்தார். 25ஆந் திகதி அமெரிக்க நீதிமன்றம் ஏறத்தாழ 1470 கோடி டொலர் வரையிலான இணக்கத் தீர்வை ஏற்றுக்கொண்டது. 26ஆந் திகதி, அதே குழுமத்தைச் சேர்ந்த அவுடி, நெடுந்தூரக் கார்ப் பந்தயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 30ஆந் திகதி வேல்சில் ஓஜியே வென்றார். வொக்ஸ்வாகனின் நான்காவது நிறுவனப் பட்டமும் அங்கு உறுதியாயிற்று. மூன்று நாட்கள் கழிந்தன. நவம்பர் 2ஆந் திகதி, அந்தப் பருவத்தோடு ராலியை விட்டு நீங்குவதாக வொக்ஸ்வாகன் அறிவித்தது. மின்சாரக் கார்களை ஆக்குவதில் இனிக் கருத்தைச் செலுத்தப்போவதாக அது காரணங் கூறியது.

அம்மாதமே அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற கடைசிப் பந்தயத்தில் மிக்கல்சன் முதலாமிடத்தையும் ஓஜியே இரண்டாமிடத்தையும் பெற்றனர். அடுத்த பருவமோ ஜனவரியில் தொடங்குகிறது. 2017இற் புதிய விதிகள் நடைமுறைக்கு வரவிருந்தன. காரின் வலு ஏறத்தாழ 380 குதிரைவலுவாக உயரவிருந்தது. அவ்விதிகளுக்கேற்ப வொக்ஸ்வாகன் மாதக்கணக்கில் ஆக்கிப் பரிசோதித்த புதிய கார், உலகப் போட்டியில் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாமலே ஒதுக்கப்பட்டது. ஹியூண்டாயும் சிட்ரோனும் தத்தம் சாரதிகளை முன்னரே ஒப்பந்தஞ் செய்திருந்தன. எஞ்சியிருந்தவை இரண்டு இடங்கள்: இங்கிலாந்தில் மல்கம் வில்சன் நடத்திய எம்-ஸ்போர்ட் என்னும் குழு, பதினேழு ஆண்டுகளின் பின் ராலிக்குத் திரும்பிய டொயோட்டா. உலகின் தலைசிறந்த குழுவிலிருந்த மூவரும் ஒரே நாளில் வேலை தேடுபவராயினர்.

ஓஜியே இரு குழுக்களின் கார்களையும் ஓட்டிப் பார்த்தார். டிசம்பரில் எம்-ஸ்போர்ட்டைத் தேர்ந்தார். போர்ட் காரையே அக்குழு ஓட்டியதெனினும், 2012இல் விலகிய போர்ட் நிறுவனத்தின் முழு ஆதரவு அதற்கு இருக்கவில்லை. பெருஞ் செல்வம் படைத்த குழுவிலிருந்து, தன் பட்டறையின் உழைப்பை நம்பி வாழும் குழுவுக்கு உலக வீரர் வந்து சேர்ந்தார். ஜனவரியில் மொண்டே கார்லோவில் நடந்த முதற் பந்தயத்தையே அவர் வென்றார். அவ்வாண்டு முழுவதிலும் அவர் வென்ற பந்தயங்கள் இரண்டே. ஆனால், வெல்ல முடியாதவிடத்து இரண்டாமிடத்தையோ மூன்றாமிடத்தையோ விடாது பற்றிப் புள்ளி சேர்த்து, பட்டத்தையும் கைப்பற்றினார். குழுவும் நிறுவனப் பட்டத்தைப் பெற்றது. 2018இலும் சாரதிப் பட்டம் அவருக்கே. நல்ல காரினாற்றான் அவர் வென்றார் என்று கூறியவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளே மறுமொழி.

லட்வாலா டொயோட்டாவிற் சேர்ந்தார். மொண்டே கார்லோவில் ஓஜியேக்கு அடுத்ததாக வந்தவர் அவரே. பிப்ரவரியிற் சுவீடனில் அவர் பெற்ற வெற்றி, 1999இன் பின் டொயோட்டா கண்ட முதல் வெற்றியாகும்.

மிக்கல்சனுக்கோ ஆசனம் கிட்டவில்லை. போலோவின் கடைசி வெற்றியை ஈட்டிக் கொடுத்தவர் அவர். இரண்டு மாதங்களின் பின் அதே மொண்டே கார்லோவில், இரண்டாந் தரப் பிரிவில், ஸ்கோடா காரில் ஓடினார். அப்பிரிவில் வென்றும் காட்டினார். ஆண்டின் நடுவிற் சிட்ரோன் சில பந்தயங்களுக்கு அவரைக் கூலிக்கமர்த்தியதுபோல் அழைத்தது. ஜேர்மனியில் இரண்டாமிடம் பெற்றார். இறுதியில் ஹியூண்டாய் அவரை ஏற்றுக்கொண்டது. 2019உடன் அவ்விடமும் போயிற்று. மீண்டும் இரண்டாந் தரப் பிரிவுக்கு இறங்கி, 2021இலும் 2023இலும் அதன் பட்டத்தை வென்றார். மூவருள் இளையவர் அவரே. கதவு மூடியபொழுது பெயர் பெரிதாக வளர்ந்திராதவரும் அவரே. அவரிடம் திறமை குறைந்திருக்கவில்லை. இருந்த கதிரைகளே குறைந்திருந்தன.

சாரதிகளுக்கு அப்பாலும் ஒரு கூட்டம் உண்டு. காரை இரவு பகலாய்க் கழற்றிப் பூட்டும் தொழிலாளரும் பொறியியலாளரும் ஹனோவர் நகரப் பட்டறையில் இருந்தனர். அவர்தம் வேலைக்கு நிறுவனம் உத்தரவாதம் அளித்தது. அப்பட்டறை ஆக்கிய மின்சாரக் கார் 2018 ஜூனில் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 8 நிமிடத்துக்குக் குறைந்த நேரத்தில் ஏறியது. அதற்கு முன் எந்தக் காரும் அதைச் செய்ததில்லை. ஆனால், 2020இல் நிறுவனம் அந்தப் பந்தயப் பிரிவையே மூடுவதாக அறிவித்து, தொழிலாளரைத் தாய் நிறுவனத்திற் சேர்த்துக்கொள்வதாகக் கூறியது.

இதற்கிடையில் வரலாறு ஒருமுறை தலைகீழாகவும் நிகழ்ந்தது. 2019இல் ஓஜியே சிட்ரோனுக்கு ஓட்டினார். ஆண்டு முடிவில் அதனை விட்டு நீங்கினார். தகுந்த முதற்றரச் சாரதி இல்லையென்று கூறி, அந்நவம்பரிலேயே சிட்ரோன் நிறுவனம் விலகியது. நிறுவனம் போனதனாற் சாரதி நடுவீதியில் நிற்பதே அதுவரை கண்ட வழக்கம். இம்முறை சாரதி போனதனால் நிறுவனம் போயிற்று. அங்கும் விலை கொடுத்தவர் இன்னொருவர்: ஓஜியேயின் தோழரான எசபெக்கா லாப்பி, தம் பிழையேதுமின்றி ஆசனத்தை இழந்து, எம்-ஸ்போர்ட்டின் வாசலுக்குச் செல்ல நேர்ந்தது.

ஓஜியே சென்று சேர்ந்தது டொயோட்டாவுக்கு. 2020இல் அந்நிறுவனம் தன் சாரதிகள் மூவரையும் மாற்றியது; இடமிழந்தவருள் லட்வாலாவும் ஒருவர். பழைய தோழர் உள்ளே வர, அவர் வெளியே போனார். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் டொயோட்டா அவரை மீண்டும் அழைத்தது, குழுவின் தலைவராக. 2021இல் ஓஜியே தம் எட்டாவது உலகப் பட்டத்தை வென்றபொழுது, அந்தக் குழுவை நடத்தியவர் லட்வாலா. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரே அறிவித்தலால் வேலையிழந்த இருவர், ஒருவர் ஆணையிட மற்றவர் ஓட்ட, ஒரே கொடியின்கீழ் வென்றனர்.

சாரதியின் திறமை அவரோடு செல்லும். எந்த நிறுவனமும் அதனைத் தன் பட்டறையிற் பூட்டி வைக்க முடியாது. ஆயின், அத்திறமைக்கு ஒரு தேர் கிடைக்குமா என்பதை முடிவுசெய்வது பந்தய வீதியன்று. யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையிற் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்கே அதனை முடிவுசெய்கிறது. ஓஜியேயின் பட்டங்களை நினைவுகூர்பவர்கள், அவுஸ்திரேலியாவில் வென்று மேடையில் நின்றபொழுது அடுத்த மாதத்துக்கு வேலையில்லாதிருந்த மிக்கல்சனையும் நினைவுகூர வேண்டும். ராலியின் வரலாறு இருவரையும் சேர்த்தே எழுதப்பட்டது.