ஜூன் 5

இன்று முகநூல் முழுக்க மரக்கன்றுப் படங்கள். உலகச் சுற்றுச்சூழல் நாள், நல்லதுதான். ஆனால் மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் இது துக்க நாள். 2009இல் இதே நாளில், ஏபிசி என்ற குழந்தைகள் காப்பகத்தில் தீப்பிடித்து 49 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாரும் பள்ளிக்கூட வயதை எட்டாதவர்கள்.

தீ காப்பகத்தில் தொடங்கவில்லை. அதை ஒட்டியிருந்த மாநில அரசின் நிதித்துறைக் கிடங்கில் பிடித்து, கூரை வழியாக வந்தது. காப்பகமே ஒரு காலத்தில் கிடங்காக இருந்த கட்டடம். வெயில் தெரியாமல் இருக்கக் கூரைக்கு அடியில் பாலியூரித்தேன் நுரை அடித்திருந்தார்கள். அது எரிந்து சொட்டியது, நச்சுப்புகை இறங்கியது. பிற்பகல், குழந்தைகள் தூங்கும் நேரம். சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே. அவசரக் கதவு பயன்படவில்லை. கடைசியில் ஓர் ஆள் தன் வண்டியைச் சுவரில் மறுபடி மறுபடி மோதி ஓட்டை போட்டார். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பல குழந்தைகளை வெளியே எடுத்தார்கள்.

இத்தனைக்கும் ஆய்வில் தேறிய காப்பகம் அது. காகிதத்தில் எல்லாம் சரி!

2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். அதற்குப் பிறகு பள்ளிகளில் ஒத்திகை பற்றிப் பேசத் தொடங்கினோம். மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையாக வெளியே போக வேண்டும். சரி, தொட்டிலில் கிடக்கும் குழந்தை மணி கேட்டு எழுந்து போகுமா? அதைத் தூக்கத்தான் வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு கைதான்.

எர்மோசியோ பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2011 அக்டோபரில் மெக்சிகோ முழுமைக்கும் காப்பகச் சட்டம் வந்தது. மக்கள் அதை இன்றும் ‘ஜூன் 5 சட்டம்’ என்றே சொல்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, கட்டடத்தில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து வெளியேறும் ஒத்திகை நடத்த வேண்டும் என்கிறது அது. எனக்குப் பிடித்த விதி இதுதான். ஒத்திகை பார்த்தால்தானே எத்தனை கை குறைகிறது என்று தெரியும்?

வீட்டில் நடக்கும் காப்பகங்கள் கதை வேறு. அமெரிக்காவின் ஈரி நகரில் 2019 ஆகஸ்டில், இரவிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் மேலே பரணில். குழந்தைகள் தூங்கிய இடத்தில் இல்லை.

நம் தெருக்களிலும் இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு அம்மா ஐந்தாறு குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். என் பேத்தியும் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போகிறாள். அன்பான அம்மா, குறை சொல்ல மாட்டேன். வாசலில் இரும்பு கிரில், குழந்தை தெருவுக்கு ஓடிவிடக் கூடாதே என்று எந்நேரமும் பூட்டு. சமையலறை கூடத்தை ஒட்டி. கேஸ் சிலிண்டர் அங்கேயே.

நேற்று கேட்டேன், “கிரில் சாவி எங்கம்மா?”

பீரோவுக்குள் இருக்கிறது என்றார். இன்று வாசல் பக்கம் ஓர் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன், பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, எல்லாக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கப் போகிறோம்.